பட்டியும் பட்டினமும்



தூத்துக்குடி மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். கடலோரத்தில் காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், குலசேகரன்பட்டினம் எனப் பட்டினங்கள் அமைந்துள்ளன. வடமேற்கே கரிசற்காட்டுக்குள் செல்லச் செல்லக் கோவில்பட்டி, லிங்கம்பட்டி, கவுண்டன்பட்டி எனப் பட்டிகள் பெருகுகின்றன. பட்டினம் என்பது கடற்றுறை சார்ந்த ஊர். பட்டி என்னும் சொல்லுக்குச் சிற்றூர் என்பது ஒரு பொருள். ஆடுமாடுகளை அடைக்குமிடம் என்பது மற்றொரு பொருள். தமிழகராதிகள் இரண்டனையும் தருகின்றன. கால்நடை அடைந்த இடத்திலேயே மக்களும் குடியமர்ந்தனர் என்னும் வரலாறு இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. தேரிக்காட்டின் தென்புறத்தே கால்டுவெல் பெருமகனார் 1841 இல் வந்து தங்கித் தொண்டாற்றிய ஊரின் பெயர் இடையன்குடி என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

பட்டினத்தின் புகழ் உலகறிந்தது. கொற்கை முத்து, உப்பளம், சங்கு, துறைமுகம் என்று அதனைப் பாடாத புலவர் இல்லை. எழுதாத பயணியர் இல்லை. பட்டியின் புகழோ அத்துணை பேசப்படவில்லை. இந்த மாவட்டத்தின் நிலத்தை நிலமாக வைத்திருப்பதிலும், ஏழை எளியோரின் அடுப்பு எரிவதிலும் பட்டிக்குள்ள பங்கு சிறிதன்று. அப்பங்கு யாது, அது எவற்றால் இயன்றது, இன்று அதற்கு நேர்ந்துள்ள இடர் யாது என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

முல்லையும் நெய்தலும்

தமிழர் நிலத்தைத் திணையாகப் பகுத்தபோது முல்லையை ஆயர்க்கும் நெய்தலைப் பரதவர்க்கும் உரியதாகக் கொண்டனர். முல்லைக்குப் பெரும்பொழுது கார்; சிறுபொழுது மாலை. மழை பெய்து புல் தழைக்கும் காலமும், மேய்ந்த நிரை வீடு திரும்பும் வேளையும் அவை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். மேய்ச்சலுக்குப் போனோர் வரும்வரை ஆற்றியிருக்கும் மகளிரின் வாழ்வே அவ்விலக்கணத்தின் அடிநிலம் எனலாம். இலக்கணம் செய்தோர் மேய்ச்சல் வாழ்வின் கால ஒழுங்கை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். மோர் விற்று, அதற்கு மாறாகப் பெற்ற தானியத்தால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தருவார் உளர். அவள் பொன்னைக் கொள்ளவில்லை. எருமையையும் நல்ல பசுவையும் கொள்கிறாள். பெட்டியிற் கிடக்கும் பொன் ஈனுவதில்லை, பசு ஈனும். செல்வம் என்பது தானே பெருகுவது, பெருகுவதற்கு நிலத்தையும் மழையையும் நம்பியிருப்பது என்னும் தெளிவு அவளுக்கு இருந்தது. மாடு என்னும் சொல்லையே செல்வம் என்ற பொருளில் வள்ளுவரும் ஆண்டுள்ளார்.

நெய்தலார் உப்பை உமணர் வண்டிகள் உள்நாட்டுக்குக் கொண்டுசென்றன. நெல்லுக்கு உப்பு மாறிற்று. அவ்வண்டிகளை இழுத்தவை எருதுகள். இங்ஙனம் பட்டினத்தின் வாணிகத்துக்குப் பட்டி தோள் கொடுத்தது. அத்தொடர்பு இன்றும் முற்றும் அறுந்துவிடவில்லை. எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தை தென்மாவட்டங்களிற் பெயர் பெற்றது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்வரும் வாரங்களில் அங்கு ஆடு வாங்கப் பல ஊர் வணிகர் திரள்கின்றனர். கரிசற்காட்டில் மேய்ந்த ஆடு கடற்கரைப் பட்டினத்தின் பெருநாள் விருந்தாகிறது.

கிடை என்னும் முறை

தூத்துக்குடி மாவட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை பெறும் வறட்சி நிலம். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் ஒருசில வாரங்களுக்குள் பெய்துவிடும். இத்தகைய நிலத்தில் புல் ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் நில்லாது. புல் இருக்குமிடத்துக்கு ஆடு செல்ல வேண்டும். இந்த எளிய உண்மையின் மேல் எழுந்ததே கிடை முறை.

கரிசல் மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைப்பு நிகழும். பயிர் நிற்கும் காலத்தில் ஆடுகளுக்கு வயலில் இடமில்லை. அப்போது ஓடைக்கரை, கண்மாய்க்கரை, தரிசு, ஊருக்குப் பொதுவான மேய்க்கால் புறம்போக்கு ஆகியவையே புகலிடம். தை, மாசியில் கம்பும் சோளமும் உளுந்தும் அறுவடையானதும் தாள்களும் உதிர்மணிகளும் மந்தைக்கு உணவாகும். பங்குனியில் தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் அறுவடை முடியும். மந்தைகள் மேட்டுநிலம் விட்டு நஞ்சைக்கு இறங்கும். ஆனியில் கார் நடவுக்கு நிலம் உழப்படுமுன் அவை திரும்பிவிட வேண்டும். பயிர்க்கும் ஆட்டுக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று இம்மாதக் கணக்கில் அமைந்திருக்கிறது.

பகலெல்லாம் மேய்ந்த ஆடுகள் இரவில் ஒருவர் வயலில் கிடக்கும். கிடத்தலால் அது கிடை. மறுநாள் இரவு கிடை சற்றுத் தள்ளி அமைக்கப்படும். சில இரவுகளில் வயல் முழுவதும் புழுக்கையும் மூத்திரமும் பரவிவிடும். நிலமுடையார் இதற்குத் தானியமாகவோ பணமாகவோ கூலி தருவர். பல குடும்பத்தாரின் ஆடுகள் ஒரே மந்தையாகச் செல்வதும் உண்டு. மந்தைத் தலைவரைக் கீதாரி என்பர். எந்த ஊரில் எப்போது மழை பெய்தது, எந்தக் கண்மாயில் நீர் உள்ளது, எந்த ஓடைக்கரையில் எந்த நெற்று உதிரும் என்பன அவர் நினைவில் நிற்கும் ஏடுகள். துறட்டிக்கோல் ஒன்றும், அந்த நினைவும் அவர்தம் மூலதனம்.

இந்நிலத்துக்கென்றே உருவான ஆட்டினங்களும் உண்டு. விளாத்திகுளம், புதூர் வட்டாரத்து வெம்பூர் செம்மறி வெண்ணிற உடலில் செந்நிறத் திட்டுகள் கொண்டது, உயரமானது, நெடுந்தொலைவு நடக்க வல்லது. இதன் மயிர் கத்தரிக்கப்படுவதில்லை. இறைச்சிக்கும் எருவுக்குமே வளர்க்கப்படுகிறது. மேலக்கரந்தை, கீழக்கரந்தை ஊர்களின் பெயரால் கரந்தை ஆடு என்றும் வழங்கப்படும். கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலைப் பகுதிகளில் கன்னி ஆடு என்னும் கருநிற வெள்ளாடு உண்டு. முகத்தின் இருமருங்கும் வெள்ளைக்கோடு கொண்டது பால்கன்னி. செந்நிறக்கோடு கொண்டது செங்கன்னி. கடலை அடுத்த பகுதிகளில் நெடிய காலும் உடலும் உடைய கொடி ஆடு வளர்கிறது. அதிலும் கரும்போரை, செம்போரை என நிறத்தால் இரு பிரிவு கூறுவர். எந்த ஆய்வுக்கூடமும் ஆக்காத இனங்கள் இவை. கல்வியறிவு இல்லாதார் எனப் பிறரால் கருதப்பட்ட மக்கள், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்து இவற்றை ஆக்கியுள்ளனர். இன்று இவை நாட்டின் பதிவுபெற்ற கால்நடை இனங்களாக ஏற்கப்பட்டுள்ளன.

நிலம் பெறுவது

ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது உழவர் பழமொழி. வேளாண் அறிவியலும் இதனோடு முரண்படவில்லை. சாதாரணத் தொழு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கே. ஆட்டு எருவில் அது சராசரியாக 3 பங்கு. மணிச்சத்து 1 பங்கும் சாம்பல்சத்து 2 பங்கும் உண்டு. குப்பையை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுசெல்லும்போது மூத்திரத்தின் சத்து வழியிலேயே வீணாகிறது. கிடையிலோ அது நேரே மண்ணில் இறங்குகிறது. ஏற்றுகூலி இல்லை, இறக்குகூலி இல்லை, மண்ணுக்கு எரு தானே நடந்து வருகிறது.

வயலுக்கு வெளியே நிகழ்வது இன்னும் நுட்பமானது. கொழுக்கட்டைப் புல் போன்ற பல்லாண்டுப் புல், அளவாக மேயப்பட்டுப் பின் ஓய்வு பெற்றால் மீண்டும் தூர்கட்டித் தழைக்கும். ஒருபோதும் மேயப்படாத புல் முதிர்ந்து காய்ந்து தீக்கிரையாகும். ஓயாது மேயப்பட்டால் வேரற்றுப் போகும். இரண்டுக்கும் நடுவே உள்ளதே மந்தையின் நடை. உடைமரத்தின் நெற்றை ஆடு விரும்பித் தின்னும். அதன் வயிற்றில் ஊறி வெளிவரும் விதை எளிதில் முளைக்கும். குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரங்கள், இடையிடையே புல்வெளி, பனை, ஓடை என்று காணப்படும் இந்நிலக் காட்சி மனிதரும் ஆடும் மரமும் நெடுங்காலம் ஒன்றுகூடி ஆக்கியது.

இதனை வெற்றிடம் என்பது அறியாமை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் வல்லநாட்டில் 1987 இல் வெளிமான் சரணாலயம் அமைக்கப்பட்டது. வெளிமான் அடர்காட்டில் வாழ்வதன்று. பெயருக்கேற்பத் திறந்த வெளியை நாடுவது. திறந்த புல்வெளியும் முட்புதரும் காட்டைப் போன்றே ஓர் உயிர்ச்சூழல் என்பதற்கு அதுவே சான்று.

ஆடு காட்டை அழிக்கும் என்னும் குற்றச்சாட்டு பழையது. அதனை முற்றும் மறுப்பதும் உண்மையாகாது. ஓரிடத்தில் மிகுதியான ஆடுகள் நாள்தோறும் மேய்ந்தால் இளமரம் எழாது, மண் அரிக்கும். சீமைக்கருவேலத்தின் பரவலிலும் கால்நடைக்குப் பங்குண்டு. 1877 ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்குள் கொணரப்பட்ட அம்மரத்தின் இனிய நெற்றை ஆடுமாடுகள் தின்று, விதையைத் தரிசெங்கும் பரப்பின. அதன் முட்புதர் அடர்ந்த இடத்தில் புல் எழுவதில்லை. ஆடு நுழைய வழியுமில்லை. தனக்கு உணவு தந்த மரத்தாலேயே ஆடு தன் மேய்ச்சலை இழந்தது என்பது கசப்பான உண்மை. ஆயினும் அதே புதரிலிருந்து கரி மூட்டம் போட்டுப் பிழைப்போர் விளாத்திகுளம் வட்டாரத்தில் உளர். எனவே ஒரே நாளில் வேரோடு களைக என்று ஆணையிடுவதும் எளிய தீர்வாகாது. களைந்த இடத்தில் புல்லும் உடையும் வேலமும் எழுவதற்கு வகை செய்து, ஊருக்கூர் சிறிது சிறிதாக மீட்பதே பயன் தரும்.

குற்றம் ஆட்டினுடையதன்று. நடக்க வேண்டிய மந்தையை நிற்கவைத்த ஏற்பாட்டினுடையது. வழி அடைபட்டால் மந்தை ஓரிடத்தில் தேங்கும். தேங்கினால் நிலம் தேயும்.

வாழ்வு பெறுவது

2019 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படித் தமிழகத்தில் வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 இலட்சம். செம்மறிகள் ஏறத்தாழ 45 இலட்சம். நிலமுடையாரின் செல்வம் என்று மட்டும் இவற்றைக் கருதலாகாது. நிலமில்லார்க்கு ஆடே நிலம். தேரிப்பகுதியில் பதநீர்ப் பருவம் முடிந்த பின்னும், கரிசலில் களையெடுப்பு ஓய்ந்த பின்னும், வீட்டுக்குப் பின்னே கட்டியிருக்கும் நான்கு ஆடுகளே பல குடும்பங்களுக்குக் கைமுதல். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, மகளின் காதுகுத்து என்று தேவை வந்தபோது விற்கத்தக்கது அதுவே. ஆடு வாங்கவும் இயலாதார் பிறர் ஆட்டை வாரத்துக்கு வாங்கி வளர்ப்பர். ஈனும் குட்டிகளில் பாதி வளர்த்தவர்க்கு. இவ்வுழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது. வீட்டில் இருக்கும் நகை பெரும்பாலும் அடகுக்கடைக்குப் போவது. ஆடு மட்டுமே பெண் தன் பெயரால் வளர்த்துத் தன் விருப்பால் விற்கத்தக்க செல்வமாகப் பல வீடுகளில் உள்ளது.

2011 ஆம் ஆண்டு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நன்னோக்கம் உடையதே அது. ஆயின் ஆடு வந்தது; ஆடு மேயும் இடம் வரவில்லை. விலையில்லா ஆட்டை விலைகொடுத்து வாங்கிய தீவனத்தால் வளர்க்க நேர்ந்தால் ஏழைக்கு எஞ்சுவது யாது? பரண்மேல் வளர்ப்பும் கொட்டில் வளர்ப்பும் நீரும் பசுந்தீவனமும் உள்ள இடத்துக்குப் பொருந்தும். மானாவாரி நிலத்தில் நிலமற்ற குடும்பத்துக்கு ஊர்ப்பொது மேய்ச்சலே முதன்மையான தீவனச்சாலை.

2023 ஆம் ஆண்டு திசம்பர் 17, 18 நாள்களில் இம்மாவட்டம் கண்ட பெருவெள்ளம் மறக்கத்தக்கதன்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையூர்களில் வீடுகளோடு தொழுவங்களும் மூழ்கின. கட்டிய கயிற்றிலேயே மாண்ட ஆடுமாடுகள் பல. வீட்டை இழந்தவர் வீட்டைக் கட்டினர். மந்தையை இழந்தவர் மீண்டும் ஒரு மந்தையை ஆக்கப் பல ஈற்றுக்காலம் காத்திருக்க வேண்டும். மேட்டுநிலத்தில் பொதுமேய்ச்சல் இருக்கும் ஊரில், வெள்ளக்காலத்தில் கால்நடையை ஓட்டிச்செல்ல ஓரிடமேனும் உண்டு. அதுவும் இல்லாத ஊர்க்கு வெள்ளமும் பகை, வறட்சியும் பகை.

முத்துப்பார் கற்பிப்பது

இக்கரைக்கே உரிய ஒரு பாடம் கடலுக்குள் இருக்கிறது. முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பர். எந்தப் பாரில் எப்போது குளிப்பது என்பதை ஆள்வோர் வரையறுத்தனர். முன்னதாகச் சிப்பிகளை எடுத்துச் சோதித்து, அவை முதிர்ந்தனவா என்று கண்ட பின்னரே குளிப்புக்கு நாள் குறித்தனர். பல ஆண்டுகள் குளிப்பு நிகழாதிருந்ததும் உண்டு. அத்துணைக் கட்டுப்பாடு இருந்தும், 1961 ஆம் ஆண்டோடு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அதன்பின் பார்கள் பழைய வளத்துக்கு மீளவில்லை. 1973 இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை ஆக்கிக் காட்டியது பெருஞ்சாதனை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் கூடிக் குளித்த பழைய துறை திரும்பவில்லை.

பாரும் மேய்ச்சலும் ஒரு தன்மையின. இரண்டும் தனியொருவரால் விதைக்கப்படாதவை. இரண்டும் பலர்க்குப் பொது. இரண்டும் ஓய்வு பெற்றால் தருபவை, ஓயாது கேட்டால் வறள்பவை. இன்று கடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. 2001 முதல் 45 நாள்களும், 2017 முதல் ஏப்பிரல் 15 தொடங்கிச் சூன் 14 வரை 61 நாள்களும் கிழக்குக்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாள்களில் மீனவர் குடும்பங்களுக்கு உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. கடலின் ஓய்வைச் சட்டம் காக்கிறது. கடலோடியின் வயிற்றையும் ஓரளவேனும் காக்கிறது. மேய்ச்சல் நிலத்துக்கு அத்தகைய காவல் எது? முற்காலத்தில் மந்தை இடம்பெயர்ந்ததே நிலத்துக்கு ஓய்வாக அமைந்தது. இடப்பெயர்ச்சி தடைப்பட்ட பின் அவ்வோய்வும் போயிற்று.

அடைபட்ட வழி

வருவாய்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு பிரிவு உண்டு. ஊரின் கால்நடைக்கென்றே ஒதுக்கிய நிலம் அது. ஏட்டில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்டதால், யார்க்கும் உரியதன்று என்ற எண்ணம் நாளடைவில் வலுத்தது. எல்லார்க்கும் உரியது என்பதும் யார்க்கும் உரியதன்று என்பதும் எதிரெதிர்ப் பொருள். கட்டடமோ ஆலையோ சாலையோ எது வரினும் முதலில் கண்ணிற்படுவது இந்நிலமே. ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை நீக்கி ஊருக்கே மீட்டளிக்கத் திட்டம் வகுக்குமாறு 2011 ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கெல்லாம் ஆணையிட்டது. ஆணை இருக்கிறது, ஊர்தோறும் அதனை நினைவூட்டுவார் வேண்டும்.

காட்டோரத்து மேய்ச்சலும் சுருங்கிவிட்டது. களக்காடு முண்டந்துறை 1988 இலும், திருவில்லிபுத்தூர் மேகமலை 2021 இலும் புலிகள் காப்பகங்களாயின. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அத்தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. மறுபுறம், 2006 ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் மேய்ச்சலையும் பருவந்தோறும் இடம்பெயரும் ஆயர்தம் உரிமையையும் பெயர் சொல்லி ஏற்கிறது. புலிக்கும் இடம் வேண்டும். ஆட்டுக்கும் இடம் வேண்டும். காட்டில் மறுத்த இடத்தை ஊரிலேனும் தருவதே முறை.

புதிய மின்னாக்கத்தையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1986 இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை அமைந்தது. கயத்தாறு வட்டாரம் இன்று காற்றாலைகளால் நிறைந்தது. காற்றாலையின் கீழே வேலியில்லாத இடத்தில் ஆடு மேயலாம். சூரிய மின்பண்ணை வேலியிட்டு அடைப்பது. ஆயினும் அமெரிக்கா, ஆசுதிரேலியா முதலிய நாடுகளில் சூரியத் தகடுகளின் கீழே வளரும் புல்லைச் செம்மறிகளைக் கொண்டே மேயவிடுகின்றனர். புல்வெட்டும் செலவு குறைகிறது. ஆட்டுக்கு நிழலும் கிடைக்கிறது. அவ்வழக்கம் இங்கும் வரத் தடையொன்றுமில்லை, மனம் வேண்டும்.

மந்தைவழிக்குச் சட்டப் பாதுகாப்பு என்பது கனவன்று. இசுபெயின் நாட்டில் 1273 ஆம் ஆண்டு பத்தாம் அல்ஃபோன்சோ மன்னன் ஆயர் சங்கத்துக்கு உரிமைப்பட்டயம் வழங்கினான். பருவந்தோறும் மந்தைகள் செல்லும் பெருவழிகள் ஏறத்தாழ 75 மீட்டர் அகலம் உடையன. அவ்வழிகள் விற்கவும் கைப்பற்றவும் இயலாத பொதுவுடைமை என்று 1995 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தலைநகர் மத்ரீதின் நடுத்தெருவில் செம்மறி மந்தை நடந்து செல்கிறது. வழி உரிமையை ஊரார்க்கு நினைவூட்டும் விழா அது. இத்தாலி, கிரீசு, ஆசுதிரியா நாடுகளின் பருவகால இடப்பெயர்ச்சி மேய்ச்சலை 2019 இல் யுனெசுகோ மாந்தகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. 2023 இல் மேலும் பல நாடுகள் அதிற் சேர்ந்தன. 2026 ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆயர்க்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொது அவை 2022 இல் அறிவித்தது. முல்லைக்குத் திணை வகுத்த மொழியின் நாட்டில், கீதாரியின் வழிக்கு ஒரு பட்டயமும் இல்லை என்பது நாணத்தக்கது.

இலக்கிய வட்டத்தின் கடமை

இலக்கியக் கூட்டத்தில் ஆட்டுக் கிடையைப் பேசுவானேன் என்று வினவுவார் இருக்கலாம். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இதற்கு முன்னரே விடை தந்துள்ளார். அவர்தம் குறுநாவல் ஒன்றின் பெயரே கிடை. பின்னர் அது அம்ஷன்குமாரின் இயக்கத்தில் ஒருத்தி என்னும் திரைப்படமாகவும் வந்தது. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை உருவாக்கியவரும் அவரே. 2021 இல் அவர் மறைந்தார். ஆயரின் இடம்பெயர் வாழ்வைச் சு. தமிழ்ச்செல்வி கீதாரி என்னும் நாவலில் எழுதியுள்ளார். அகராதியிற் சேர்த்த சொல் அழியாது என்று நம்பி இருந்துவிடலாகாது. கிடை போடுவார் இல்லாத ஊரில் கிடை என்பது பொருளுரை தேவைப்படும் சொல்லாகிவிடும். பட்டி என்பதற்கு வெறும் ஊர் என்ற பொருள் மட்டுமே எஞ்சும். சொல்லைக் காப்பதும் தொழிலைக் காப்பதும் வேறு வேறு பணிகள் அல்ல.

இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஏற்ற பணி ஒன்றுண்டு. ஒவ்வோர் ஊரின் ‘அ’ பதிவேட்டிலும் எந்தெந்தப் புல எண் மேய்க்கால் என்று எழுதப்பட்டிருக்கிறது. அது இன்று இணையவழியிலும் காணத்தக்கது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் மேய்க்கால் நிலத்தை ஏட்டில் கண்டு, பின் நேரிற் சென்று கண்டு, அங்கு இப்போது இருப்பது யாது என்று எழுதுக. அந்நிலத்துக்கு ஊரார் வழங்கும் பெயர், மந்தை சென்ற வழி, நீர் குடித்த ஊருணி, ஆயர் வழங்கும் சொற்கள் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டுத் தொகுத்திடுக. மொழிக்கு அது சொற்றொகுதி. ஊருக்கு அது உரிமைச் சான்று. கிராம சபையில் அதனை முன்வைத்தால் பேச்சுக்கு வலிமை பிறக்கும்.

பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டல் பழந்தமிழர் போற்றிய அறம். புறப்பொருள் வெண்பாமாலை அதனைக் கரந்தைத் திணை என்று தனியே வகுத்தது. வெம்பூர் ஆட்டுக்கும் கரந்தை என்னும் பெயர் வழங்குவதை முன்னர்க் கண்டோம். அது ஊரால் வந்த பெயரே, ஆயினும் அவ்வொற்றுமை ஒன்றை நினைவூட்டுகிறது. அன்று களவு போனது நிரை, நிலம் இருந்தது. இன்று நிரை இருக்கிறது. அது நின்று மேயும் நிலமும், நடந்து செல்லும் வழியுமே களவு போகின்றன. கடலடியில் வெறுமையான பாரை நிரப்புவது எவராலும் இயலவில்லை. மேய்ச்சல் நிலத்தை மீட்பதோ ஊரார் கூடினால் இயலும். அது பார் போல் வெறுமையாகுமுன் அப்பணி தொடங்குக.